இரண்டாம் சரணத்தில் ஓர் அடி

ஹார்லன் டீக் வாசித்த டிரம்ஸை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஹார்லன் டீக் வாசித்தது போலவே இருக்கும் டிரம்ஸை வைப்பதுதான் லோர்னாவின் வேலை. அவள் அவனுடைய மனைவி. இரண்டு வருடமாக இதைச் செய்துவந்தாள், அவனிடம் மூச்சு விடாமல்.

முதலில் செய்யச் சொன்னவன் ராய்ஸ் டாப்னி. நாஷ்வில்லில், பெர்ரி ஹில் பக்கம், ஒரு பழைய மூன்று அறை வீட்டை ஸ்டுடியோவாக்கிப் பிழைக்கும் தயாரிப்பாளன். லோர்னா அங்கே பதினாறு வருடமாகப் பதிவுகளைச் சீர்செய்பவள். ஒருநாள் ராய்ஸ் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தபோதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உன் வீட்டுக்காரனோட இடது கை தடுமாறுது லோர்னா. இந்த ஊர்ல இது ஒருத்தன் காதுல விழுந்தாப் போதும், மறுநாள்லேர்ந்து அவனுக்கு ஃபோன் வராது. நீ அடியில கம்ப்யூட்டர் மிடி வச்சு சரிபண்ணிடு. அவன்கிட்ட சொல்லாத. கை போனாலும் பரவாயில்ல, மனசு போச்சுன்னா ஆளே போயிடுவான்."

"ஒரு பாட்டுக்குத்தான்" என்றாள் லோர்னா.

"அட, ஒரே ஒரு பாட்டுக்குத்தான்."

ஒரே ஒரு பாட்டு என்று ஆரம்பித்து அதோடு நின்றவர்கள் அந்த ஊரில் யாருமில்லை. முப்பத்தேழு பாட்டு ஆகியிருந்தது.

வேலை என்னவோ எளிதுதான். ஹார்லன் வீட்டுக் கராஜில் தனியாக உட்கார்ந்து, காதில் தாளம் காட்டும் கிளிக் ஓட, டிரம்ஸ் வாசித்துப் பதிவு செய்வான். காலையில் அதை ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க் பெட்டியில் ஏற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுவான். லோர்னா ஸ்டுடியோவில் அதைத் திறப்பாள். திரையில் ஒவ்வொரு அடியும் குச்சி போன்ற ஒரு மேடாகத் தெரியும். மென்பொருளிடம் சொன்னால் அதுவே மேடுகளைத் தேடி, ஒவ்வொன்றின் கீழும் ஒரு மிடி குறியை வைத்துவிடும். குறிக்கு என்று சத்தம் கிடையாது. இந்த நொடியில், இவ்வளவு பலமாக, இந்த டிரம்மை அடி என்ற உத்தரவு மட்டும்தான். சத்தத்துக்கு ஹார்லனுடைய சொந்த டிரம்ஸே இருந்தது. கை நன்றாக இருந்த காலத்தில் ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக அடிக்கவைத்துப் பதிந்து வைத்திருந்தாள்.

வலது கையும் காலும் அவனுடையவை, அவற்றை நம்பலாம். இடது கைதான் ஸ்னேர் என்ற நடு டிரம்மை அடிக்கும் கை. அது ஒருமுறை முந்தும், ஒருமுறை முப்பது மில்லிசெகண்ட் பிந்தும், ஒருமுறை வரவே வராது. எல்லாவற்றையும் திரையின் தாளக் கோட்டில் நிறுத்தினால் தையல் மிஷின் ஓடுவது போல இருக்கும், அவனே கண்டுபிடித்துவிடுவான். அதனால் லோர்னா ஒவ்வொரு ஸ்னேர் குறியையும் கோட்டிலிருந்து ஆறு மில்லிசெகண்ட் தள்ளி வைப்பாள். ஹார்லன் எப்போதும் ஆறு மில்லிசெகண்ட் பிந்துகிறவன். கல்யாண விருந்தில் எழுந்து நின்று, "பாதிரியார் கேட்டப்பக்கூட ஆறு மில்லிசெகண்ட் லேட்டாத்தான் சரின்னான், எண்ணிப் பாத்தேன்" என்று அவள் சொன்னபோது வந்திருந்த வாத்தியக்காரர்கள் எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

முதல் வருடம் அவனுடைய ஒவ்வொரு பதிவையும் முழுக்கக் கேட்டாள். கேட்கக் கேட்க வலித்தது. இடது கை தவறும் இடங்களில் அவளுடைய தோள் தானாக இறுகும். அப்புறம் ஒருநாள் மியூட் பொத்தானை அழுத்திவிட்டு, சத்தமில்லாமல், கண்ணால் மட்டும் வேலை பார்த்தாள். வேலை வேகமாக முடிந்தது. தோளும் இறுகவில்லை. அன்றிலிருந்து அப்படித்தான். மேட்டைப் பார், குறியை வை, அடுத்தது. வலி நின்றதில் ஒரு நிம்மதி வரும் என்று நினைத்தாள். நிம்மதியும் வரவில்லை, எதுவும் வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட மருந்து வாயோடு நிற்காமல் நெஞ்சு வரைக்கும் இறங்கிவிட்டதுபோல, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் டில்டா கூம்ஸ் என்ற புதுப் பாடகியின் பாட்டு வந்தது. அதில் முதல் சரணமும் பல்லவியும் இருந்தன. இரண்டாம் சரணத்தில் ஹார்லனுடைய பதிவு தட்டையாகக் கிடந்தது. மேடே இல்லை. கை ஓய்ந்திருக்கும், நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பல்லவிக்குத் திரும்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே. முதல் சரணத்துக் குறிகளை எடுத்து அங்கே ஒட்டினாள். தட்டையான இடத்தின் நடுவில் ஒரே ஒரு சின்ன மேடு இருந்தது. மென்பொருள் அதன் கீழ் ஒரு குறி வைத்திருந்தது. நாலாவது தட்டுக்குக் கொஞ்சம் முன்னால், யாரும் எதிர்பார்க்காத இடத்தில். அழிக்கவேண்டியதுதான். அலுப்பில் விட்டுவிட்டாள்.

பாட்டு ஏப்ரலில் வெளிவந்து ஓடு ஓடென்று ஓடியது. எல்லாரும் அந்த ஓர் அடியைத்தான் பேசினார்கள். பாட்டு சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டதுபோல அது வந்தது. ராய்ஸ் தன் தொடையில் அறைந்துகொண்டு, "கையில தெம்பில்லைன்னாலும் கிழவன் மூளையில இருக்குய்யா!" என்றான். ஹார்லனுக்கு ஐம்பத்தொன்றுதான். ராய்ஸுக்கு அறுபது.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பின்டோ பயறும் சோளரொட்டியும். ஹார்லனுடைய இடது சுண்டுவிரலில் புதுக் கட்டு.

"கையில என்ன?"

"வாணலி சுட்டுடுச்சு."

"பாத்து எடுக்கக் கூடாதா?"

"பாத்துதான் எடுத்தேன்." அவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினான், வலது கையால், மெதுவாக. "அந்த டில்டா பொண்ணே ஃபோன் பண்ணுச்சு கண்ணு. ஜூன்லேர்ந்து ஊர் ஊராப் போறாங்களாம். நாப்பது ஊர். நான்தான் வாசிக்கணுமாம். பஸ்ல எனக்குக் கீழ்ப் படுக்கையாம், வயசானவன்னு மரியாதை."

"ம்."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் கையெழுத்துப் போடணும். அந்த ரெண்டாம் சரணத்து அடிதான் காரணம். எல்லா ஊர்லயும் அதை அப்படியே அடிக்கணுமாம்."

"ம்."

"அது என்ன அடி, லோர்னா?"

"நீதானே அடிச்ச."

"நானா?" வெண்ணெய்க் கத்தியை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "நானாத்தான் இருக்கும். வேற யாரு அடிக்கப் போறா?"

அவள் தட்டில் பயற்றை ஒதுக்கினாள்.

"போகட்டுமா?" என்று கேட்டான். "நான் வாசிக்கிறதைத் தினமும் கேக்குறவ நீதான். இந்த வீட்டுல காது உனக்குத்தானே. நீ சொல்றபடி செய்யறேன்."

இதைவிட நேராக ஒருவன் கேட்க முடியாது. லோர்னாவுக்கு எல்லாம் தெரியும். மேடையில் கீழே மிடி கிடையாது. ஆயிரம் பேர் முன்னால், மூன்றாவது பாட்டிலேயே, இடது கையிலிருந்து குச்சி நழுவும். பாடகி திரும்பிப் பார்ப்பாள். அதைப் பத்துப் பேர் படம் பிடிப்பார்கள். முப்பது வருடம் கட்டிய பேர் ஒரு பாட்டில் போய்விடும். 'உன்னால முடியல ஹார்லன்' என்ற மூன்று வார்த்தை அவள் நாக்கின் மேலேயே இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்போதிருந்து தெரியும் என்பதாக இருக்கும்.

"போயேன்" என்றாள். "நல்லாத்தானே வாசிக்கிற."

"நல்லாவா?"

"நல்லா."

ஹார்லன் தலையை ஆட்டினான். எழுந்துபோய் இரண்டு பேர் தட்டையும் கழுவினான். முதல் வருடத்தில் பொய் சொன்னால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது மிச்ச ரொட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அதைக் கவனித்தாள், கவனித்ததோடு சரி.

வியாழக்கிழமை அவன் மேசையில் வைத்த புதுப் பாட்டையும் வழக்கம்போல முடித்து அனுப்பினாள். அதிலும் இரண்டாம் சரணம் தட்டை. ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ராய்ஸ் கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தான்.

"மகராசி, உன் புருஷன் பெரிய ஆளாயிட்டான். டில்டாவோட ஆளுங்க அந்த அடியை மட்டும் தனியாக் கேக்குறாங்க. நிகழ்ச்சி ஆரம்பிக்கும்போது இருட்டுல அது ஒண்ணு மட்டும் கேக்கணுமாம். கேட்டியா கூத்தை!"

"மிடியில இருக்கிறதை அனுப்பிடறேன்."

"அது வேணாமாம். அறை மைக்ல விழுந்த நிஜச் சத்தம்தான் வேணுமாம். கொஞ்சம் காத்தோட்டமா, மனுசன் அடிச்ச மாதிரி." பிஸ்கட்டைக் கடித்தான். "பன்னெண்டு மணிக்குள்ள குடுத்துடு. அப்பத்தான் அவனும் கையெழுத்துப் போடறான்."

லோர்னா பிப்ரவரிப் பதிவைத் திறந்தாள். இரண்டாம் சரணத்துக்குப் போனாள். அந்தச் சின்ன மேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். குறி மேட்டின் கீழே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, நாலாவது தட்டுக்கு நாற்பத்தொரு மில்லிசெகண்ட் முன்னால். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பல மாதமாகத் தொடாத மியூட் பொத்தானை விடுவித்தாள்.

அது இருமல்.

திரும்பப் போட்டாள். இருமல்தான். வாயை மூடிக்கொண்டு, தொண்டையில் பிடித்து நிறுத்தப் பார்த்த வறட்டு இருமல். அதற்கு முன்னால் பேச்சு, பின்னாலும் பேச்சு. அவள் சரணத்தின் தொடக்கத்துக்குப் போனாள். ஹார்லனுடைய ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த கிளிக் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்க, அவன் பேசினான்.

"லோர்னா, நான்தான். வாசிக்கல. சும்மா உக்காந்திருக்கேன். போன வருசம் ஒரு பாட்டுல குச்சி கையை விட்டு விழுந்துடுச்சு. அப்படியே அனுப்பிட்டேன், பாட்டு வந்ததும் ட்ரக்ல கேட்டேன். குச்சி விழவே இல்ல. ஒரு தட்டு குறையல. ராய்ஸ் வேலையா இருக்கும்னு நினைச்சு மறுபடி கேட்டேன். ஸ்னேரு ஆறு மில்லிசெகண்ட் பிந்தி விழுது. அது உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?" இங்கேதான் இருமினான். "கோவமில்ல கண்ணு. நீ இதைக் கேட்டேன்னா, வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லு. ஹார்லன், உன்னால முடியலன்னு. எனக்கே சொல்லிக்க வாய் வரமாட்டேங்குது. நீ சொன்னா விட்டுடறேன். சரி, பல்லவி வந்துடுச்சு."

பல்லவியை வாசித்தான். இடது கை இரண்டு இடத்தில் தவறியது.

லோர்னா அடுத்த பாட்டைத் திறந்தாள். மார்ச். தட்டையான இடம் எங்கே என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும்; ஒவ்வொன்றையும் ஒட்டியவள் அவள்தானே. "டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன். தனியாத்தான். முழங்கையில நரம்பு நசுங்கிக் கிடக்காம். ரொம்ப நாள் விட்டுட்டீங்க, ஆபரேஷன் பண்ணாலும் பழைய கை வராதுன்னார். உன்கிட்ட சொல்லணும்னு நாலு நாளாப் பாக்குறேன். நீ வீட்டுக்கு வந்ததும் உன் முகத்தைப் பாத்தா, சொன்னாலும் கேக்கும்னு தோணல. அதான் இங்க சொல்றேன். இங்க எப்படியும் கேப்பன்னு."

ஏப்ரல் பதிவில் அவன் அதிகம் பேசவில்லை. கராஜ் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம். அந்த இடத்திலும் மென்பொருள் ஒரு குறி வைத்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதை அவள் குப்பை என்று அழித்தாள். "என்ன சொல்றதுன்னு தெரியல" என்றான் ஹார்லன். "மழை பெய்யுது."

கடைசி, புதன்கிழமையது. "நேத்து நல்லா வாசிக்கிறேன்னு சொன்ன. அது வாணலி இல்ல லோர்னா. காப்பி. சுடச்சுடக் காப்பி விரல் மேல ஊத்திருக்கு, எனக்குத் தெரியல. கொப்புளம் வந்தப்புறம்தான் பாத்தேன். நல்லா வாசிக்கிறவன் கை இப்படியா இருக்கும்?" அதற்குப் பிறகு பேச்சில்லை. கிளிக் மட்டும் பன்னிரண்டு சுற்று ஓடியது. மூச்சு விடுவது கேட்டது.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கோப்பையில் காப்பி ஆறிப்போயிருந்தது. கொண்டுபோய் ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கழுவினாள். ஒருவன் நாலு முறை கூப்பிட்டிருக்கிறான், நாலு முறையும் அவன் வாயை அடைத்து மேலே டிரம்ஸ் வைத்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படித் தனக்குள் தெளிவாகச் சொல்லிப் பார்த்தாள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. கைப்பையை எடுத்தாள். மணி பத்தே முக்கால்.

"எங்க கிளம்பிட்ட? அடி எங்க?" என்றான் ராய்ஸ்.

"தர முடியாது."

"என்ன தாயே, விளையாடறியா? பன்னெண்டு மணிக்கு உன் புருஷன் கையெழுத்து..."

"அதுக்குத்தான் போறேன்."

காரிலிருந்து மூன்று முறை ஃபோன் செய்தாள். ஹார்லன் எடுக்கவில்லை. கராஜில் இருந்தால் அவன் ஃபோனை உள்ளே கொண்டுபோக மாட்டான். பிரைலி சாலையில் லாரிகள் நத்தையாய் நகர்ந்தன. வீட்டுக்குப் போகும் டானல்சன் திருப்பம் வருவதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவள் வழியெல்லாம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். யாரோ கொடுத்த தாளைப் படிப்பதுபோல இருந்தது.

கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. ஹார்லன் டிரம்ஸுக்குப் பின்னால், முக்காலியில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அவள் குனிந்து உள்ளே வந்து, நிமிர்வதற்குள் சொன்னாள்.

"ஹார்லன், உன்னால முடியல."

அவன் மடியிலிருந்த கைகளைப் பார்த்தான். பிறகு, "எந்தப் பாட்டு?" என்றான்.

"எல்லாம். நாலும்."

"எப்பக் கேட்ட?"

"இன்னிக்கு. ஒரு மணி நேரம் இருக்கும்."

"முதல்ல சொன்னது பிப்ரவரியில."

"தெரியும்."

"நான் ஆறு மில்லிசெகண்ட் லேட்டுன்னு கல்யாணத்துல ஊருக்கே சொன்னவ நீ." அவன் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். "நீ மூணு மாசம்."

அவள் கராஜ் சுவரில் சாய்ந்தாள். "நான் கேக்கவே இல்ல. உன் பதிவை எல்லாம் மியூட்ல போட்டுட்டுத்தான் வேலை பாக்குறேன். ஒரு வருசமா. கேக்க முடியல, அதான். அப்புறம் பழகிடுச்சு. இப்ப எனக்கு எதுவும் வர்றதில்ல ஹார்லன். உன் குரலைக் கேட்டுட்டுக் கோப்பையைக் கழுவினேன்."

"ம்" என்றான். அவள் செவ்வாய்க்கிழமை சொன்ன அதே 'ம்'.

"டில்டாகிட்ட முடியாதுன்னு சொல்லு. இன்னும் நேரமிருக்கு. நான் வேணா சொல்றேன்."

"காலையில ஒம்பதரைக்கே சொல்லிட்டேன். இன்னும் ராய்ஸுக்குச் சேதி வந்திருக்காது." விரல் கட்டைத் தடவிக்கொண்டான். "நேத்து ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நீ சொல்வியான்னு பாத்தேன். காலையில நீ கார் எடுத்தப்பவும் ஜன்னல்ல நின்னு பாத்தேன். அப்புறம் நானே சொல்லிட்டேன். வாய் வராதுன்னு நினைச்சேன், வந்துடுச்சு."

ஆக அவள் சொன்னதற்கு ஒரு பயனும் இல்லை. இரண்டு மணி நேரம் முன்னால் சொல்லியிருந்தால் இருந்திருக்கும். அவள் இதையும் புரிந்துகொண்டு நின்றாள்.

ஹார்லன் எழுந்து சிம்பல்மேல் உறையைப் போர்த்தினான். ஒரு கையால் போர்த்த நேரம் பிடித்தது. "அந்தப் பொண்ணு அழாத குறை. அந்த அடியை வேற யாரு அடிப்பாங்கன்னு. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல? அது நீ வச்சதுன்னு சொல்லவா?" திரும்பிப் பார்த்தான். "ஒண்ணு சொல்றேன், நல்லா வச்சிருந்த. நான் வாசிச்சிருந்தா எனக்கு அது தோணியிருக்காது. மத்தது எல்லாம் என்னைப் பாத்து எழுதின காப்பி. அது ஒண்ணுதான் உன்னோடது."

"நான் வைக்கல."

"பின்ன?"

"நீ இருமின."

"என்னது?"

"பேசிட்டிருக்கும்போது நடுவுல இருமின. மெஷின் அதை அடின்னு நினைச்சு கீழ குறி வச்சிடுச்சு. நான் அழிக்காம விட்டுட்டேன். அவ்வளவுதான். அந்த அடி உன் இருமல்."

ஹார்லன் உறையைப் பிடித்தபடி நின்றான். முகத்தில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று தெரிய அவளுக்குச் சற்று நேரம் ஆனது. அவன் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. முக்காலியில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அந்த இருமலைக் கேட்டு இன்னும் சிரித்தான்.

"நாப்பது ஊர்ல..." என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாப்பது ஊர்ல போய் நான் இருமணும்!"

"ராய்ஸ் வேற, உன் மூளையே மூளைன்னு தொடையில அறைஞ்சுக்கிட்டான்."

"அப்ப அந்தப் பாட்டுல நான் இருக்கேன்."

"இருக்க."

"ஒரு இடத்துல."

"ஒரு இடத்துல."

சிரிப்பு அடங்கியது. "வா, கேக்கலாம்" என்றான்.

ட்ரக்கில் போய் உட்கார்ந்தார்கள், அவன் ஓட்டுநர் இடத்தில், அவள் பக்கத்தில். வெயிலில் சீட்டு சுட்டது. லோர்னா பாட்டைப் போட்டாள். முதல் சரணம் போயிற்று. அவள் கை வைத்த அடிகள், ஒவ்வொன்றும் ஆறு மில்லிசெகண்ட் தள்ளி. பல்லவி போயிற்று. இரண்டாம் சரணம் ஆரம்பித்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திரை இல்லை, மேடு இல்லை. அந்த டிரம்ஸுக்கு அடியில் இப்போது அவளுக்குக் கேட்பது வேறொன்று: லோர்னா, நான்தான், வாசிக்கல, சும்மா உக்காந்திருக்கேன். எந்த வார்த்தை எந்தத் தட்டில் விழுகிறது என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. அது உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்.

அடி விழுந்தது.

அவள் அழுதாள். எச்சரிக்கை இல்லாமல், மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதாள். இரண்டு வருடத்து வலி எல்லாம் பொறுமையாக வாசலில் நின்றிருந்துவிட்டு ஒரே சமயத்தில் உள்ளே வந்ததுபோல இருந்தது. வலித்தது. வலித்ததில் அவளுக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஹார்லன் பாட்டை நிறுத்தவில்லை. இடது கையை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தான். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து, கட்டுப் போட்ட விரலை விட்டு மோதிர விரலை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியுதா?"

அவன் முன்னால் கண்ணாடி வழியே கராஜைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தான்.

"இன்னும் கொஞ்சம் அழுத்து" என்றான்.